கசிவே இல்லாத போர்டு

எங்கள் அலுவலகத்தில் கேக் வெட்டாத வாரம் கிடையாது. யாருக்கும் பிறந்தநாள் இல்லை. ப்ரோக்ராமில் மெமரி லீக் இல்லை என்று சோதனைக் கருவி சொல்லிவிட்டால் கேக். அது வாராவாரம் அப்படித்தான் சொல்லும். வேறு எதுவும் சொல்ல முடியாதபடி அதைப் பழக்கி வைத்திருந்தார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

மெமரி லீக் என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ப்ரோக்ராம் ஓடும்போது தனக்கு வேண்டிய இடத்தை இயந்திரத்திடம் கேட்டு வாங்கும். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் மேலே மேலே வாங்கிக்கொண்டே போனால் இடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்து, ஒரு நாள் கேட்டால் இயந்திரம் கையை விரித்துவிடும். சில கம்ப்யூட்டர் மொழிகளில் எழுதினால் பின்னாலேயே ஒரு ஆள் துடைப்பத்தோடு வருவான். நாங்கள் எழுதுவது, கம்பைல் செய்து, அதாவது இயந்திரத்தின் பாஷைக்கே மாற்றி, நேராக அதன் மீது ஓடவிடுகிற ரகம். இங்கே தின்ற தட்டை அவரவரேதான் கழுவ வேண்டும். வீட்டில் கழுவாதவர்கள் ஆபீஸிலா கழுவப் போகிறார்கள்?

எங்கள் தலைமை வடிவமைப்பாளருக்கு நாங்கள் வைத்த பெயர் பிரம்மா. படைப்பது மட்டும்தான் அவர் இலாகா. அழிக்கிற பொறுப்பு வேறு யாருக்கோ. அது தன்னைப் புகழ்ந்து வைத்த பெயர் என்று அவர் நம்பினார். நாங்களும் கெடுக்கவில்லை.

அவருடைய தலைசிறந்த படைப்பு ஆஸ்பத்திரி வார்டுகளில் மாட்டுகிற அழைப்பு போர்டு. கட்டிலில் படுத்திருப்பவர் பொத்தானை அமுக்கினால் நர்ஸ் மேசைக்கு மேலே சுவரில் கட்டில் நம்பர் மின்னும், மணி அடிக்கும். நர்ஸ் போய்ப் பார்த்துவிட்டு, அங்கேயே அணைத்துவிட்டு வரவேண்டியது. போர்டின் ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு. அது எரிந்தால் போர்டு சுகமாக இருக்கிறது என்று அர்த்தம் என்பது பிரம்மா வாக்கு.

அந்த போர்டு தொங்கும் ஓர் ஆஸ்பத்திரியில், மேல் மாடி வார்டில், என் அண்ணி நர்ஸ். நான் அண்ணன் வீட்டோடு இருக்கிறேன். நாத்தனாரும் அண்ணியும் ஒரே அடுப்படியில் என்றால் கீரியும் பாம்பும் என்றுதான் ஊர் எதிர்பார்க்கும். எங்களுக்குள்ளும் சண்டை உண்டு. எல்லாம் இந்த போர்டைப் பற்றித்தான்.

"உங்க போர்டு இன்னிக்கும் மண்டையப் போட்டுடுச்சு" என்பாள் அண்ணி, வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

"அதுல லீக்கே இல்ல அண்ணி. நேத்துதான் கேக் சாப்பிட்டோம்."

"கேக்குல இல்லாம இருந்திருக்கும். போர்டுல இருக்கு."

அண்ணன் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "ரெண்டு பேரும் சேந்து என்னைத் திட்டுங்களேன், எனக்குப் பழக்கம்" என்பார்.

இந்தச் சிரிப்பெல்லாம் ஒரு காலையில் நின்றது. அண்ணியின் வார்டில் ஏழாம் நம்பர் கட்டிலில் ஒரு பெரியவர். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று பொத்தானை அமுக்கியிருக்கிறார். மணி அடிக்கவில்லை. அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, யாரும் வராததால் தானே இறங்கி நடந்திருக்கிறார். இரண்டு எட்டு வைப்பதற்குள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அண்ணி அப்போது வார்டின் எதிர்க் கோடியில் இன்னொருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு ஓடியவள் அவளேதான்.

பெரியவரின் மகன் கொதித்தான். கொதிக்கத்தானே செய்வான். ஆஸ்பத்திரி எங்கள் கம்பெனியிடம் விளக்கம் கேட்டது. பிரம்மா பதில் எழுதினார்: போர்டில் பச்சை விளக்கு எரிந்தது, எனவே ப்ரோக்ராம் ஓடியது, எனவே மணி அடித்தது, எனவே நர்ஸ் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்று 'எனவே'யில் ஒருத்தியின் பிழைப்பை முடித்துவிட்டு, மனுஷன் சாப்பிடப் போனார்.

விசாரணை என்று அறிவித்தார்கள். அலட்சியம் என்று முடிவானால் வேலை போகும். அதோடு நர்ஸ் பதிவையும் ரத்து செய்துவிடுவார்கள். வேறு எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்க முடியாது. அண்ணிக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான், பிடித்த வேலையும் அதுதான்.

"மணி அடிக்கலடி" என்றாள் அன்று வீட்டில். அவள் கிண்டல் இல்லாமல் பேசி நான் கேட்டதே இல்லை. "என் காதுக்கு ஒண்ணும் இல்ல. நீ ரூமைச் சாத்திக்கிட்டு போன்ல குசுகுசுன்னு பேசறதே எனக்குக் கேக்குது."

"அப்புறம் போர்டை யாராவது பாத்தாங்களா அண்ணி?"

"மெயின்டெனன்ஸ் தம்பி வந்தான். ஆஃப் பண்ணான், ஆன் பண்ணான். கணீர்னு அடிச்சுது. 'நல்லாத்தானே இருக்கு, நீங்க கவனிக்கல போலக்கா'ன்னுட்டுப் போயிட்டான்."

ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் சரியாகிற வியாதி எது என்பது என் தொழிலில் இருக்கிற எவருக்கும் தெரியும். மறுநாள் நான் கேக் பக்கம் போகவில்லை. பிரம்மாவின் ப்ரோக்ராமைத் திறந்து வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன்.

நோயாளி பொத்தானை அமுக்கும்போதெல்லாம் அந்த அழைப்புக்கென்று கொஞ்சம் இடம் வாங்கப்படுகிறது. நர்ஸ் போய் அணைத்ததும் அந்த இடத்தை விடுவித்திருக்க வேண்டும். பிரம்மா விடுவிக்கவில்லை. 'முடிந்தவை' என்று ஒரு வரிசை கட்டி, அதன் வாலில் கோத்துக்கொண்டே போயிருந்தார். ப்ரோக்ராமை நிறுத்தினால் கடைசி வேலையாக அந்த வரிசை முழுவதையும் விடுவித்துவிடும். சோதனைக் கருவி எப்போது எட்டிப் பார்க்கும்? ப்ரோக்ராம் நின்ற பிறகு. அப்போது எல்லாம் துடைத்துச் சுத்தமாக இருக்கும். கசிவு பூஜ்யம். கத்தியை எடு, கேக்கை வெட்டு.

குடியிருந்த வருஷமெல்லாம் குப்பையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, வீட்டைக் காலி செய்கிற அன்று மட்டும் பெருக்கிக் கொடுக்கிற குடித்தனக்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்காரர் வந்து பார்த்தால் தரை கண்ணாடி. ஆஸ்பத்திரி போர்டு ஒருநாளும் காலி செய்வது கிடையாது. அது ராப்பகலாக ஓடவேண்டியது. இடம் முழுக்கத் தீர்ந்தபின் யாராவது அமுக்கினால் என்ன ஆகும் என்று தேடினேன். அதற்கும் ஒரு வரி எழுதியிருந்தார்: இடம் கிடைக்காவிட்டால் சத்தமில்லாமல் திரும்பிவிடு. மணி அடிக்காது. நம்பர் மின்னாது. பச்சை விளக்கு மட்டும் அதுபாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருக்கும்.

நேராக அவர் அறைக்குப் போனேன்.

"சார், இதுல லீக் இருக்கு."

"டூல் என்ன சொல்லுது?"

"ஜீரோ சார். ஆனா அது ப்ரோக்ராம் நின்ன பிறகு பாக்குது. ஓடிக்கிட்டிருக்கும்போது பாக்கணும்."

"ஓடும்போதும் ஒரு காலத்துல பாத்தோம்மா. ரிப்போர்ட் ரொம்ப அசிங்கமா வந்துச்சு. அதனாலதானே இந்த டிசைனே போட்டேன்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை வழிந்தது. வீட்டில் கண்ணாடி அசிங்கமாகக் காட்டுகிறது என்று கண்ணாடியைத் திருப்பி மாட்டியவர், அதற்குப் பரிசும் எதிர்பார்த்து நின்றார்.

நான் விடவில்லை. அப்போது அவர் ஒரு கேள்வி கேட்டார். "சரி, லீக்னே வெச்சுக்க. அதே ஆஸ்பத்திரி, கீழ் மாடி வார்டு. அதே போர்டு, அதே ப்ரோக்ராம், அதே நாள்ல மாட்டினது. இதுவரைக்கும் ஒரு தடவைகூட நின்னதில்ல. சிறந்த வார்டுன்னு கேடயமே குடுத்திருக்காங்க. லீக் இருந்தா அங்கயும் நின்னிருக்கணுமே? உங்க அண்ணி இருக்கற இடத்துல மட்டும் ஏன் நிக்குது?"

இரண்டு வார்டிலும் ஒரே அளவு கட்டில்கள். கணக்குப்படி இரண்டும் ஒன்றாகத்தான் நிறைந்திருக்க வேண்டும். பதில் தெரியவில்லை, பயமாக இருந்தது.

"எந்தப் பக்கம் நிக்கறதுன்னு யோசிச்சுக்கோ" என்றார் பிரம்மா. "சோறு போடற பக்கமா நில்லு."

"சார், சோறு போடறது அண்ணிதான் சார்."

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். தினமும் வார்டுக்குள் நுழைந்ததும் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். மணி அடிக்காத அன்று போர்டை யாரையும் தொடவிடாதீர்கள். ஆஃப் பண்ணினால் உள்ளே இருக்கிற குப்பையெல்லாம் துடைத்துக்கொண்டு போய்விடும். செத்தவனை எழுப்பி உட்காரவைத்துவிட்டு எப்படிச் செத்தான் என்று யாரிடம் கேட்பது?

சில நாளில் போன் வந்தது. "அடிக்கலடி. பச்சை எரியுது. போர்டுக்குக் கீழ நாற்காலியப் போட்டு உக்காந்துட்டேன்."

அவள் போர்டை மறித்துக்கொண்டிருக்கிறாள் என்று மேலே புகார் போயிற்று. ஏற்கெனவே விசாரணையில் இருப்பவள், இப்போது அடங்காப்பிடாரி வேறு. தலைமை மருத்துவர் அம்மாவுக்குக் கோபம் வந்து, விசாரணையை இப்போதே வார்டிலேயே முடித்துவிடலாம் என்று கம்பெனிக்குச் சொல்லி அனுப்பினார். பிரம்மா காரில் கிளம்பினார். என்னை ஏற்றிக்கொள்ளவில்லை. நான் பஸ் பிடித்து அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தேன்.

மேல் வார்டில் பாத்திரக் கடைக்குள் மாடு புகுந்த சத்தம். மணி இல்லாததால் கட்டிலுக்கு ஒரு டம்ளரும் கரண்டியும் கொடுத்துத் தட்டச் சொல்லியிருந்தாள் அண்ணி. தட்டிய இடத்துக்கெல்லாம் ஓடுவதும், ஓடிவந்து நாற்காலியில் உட்கார்ந்து போர்டைக் காப்பதுமாக அவளுக்கு முகமெல்லாம் வேர்வை. மெயின்டெனன்ஸ் தம்பி அவளைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"அக்கா, ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டா சரியாயிடும்க்கா."

"அதோட என் வேலையும் ஆஃப் ஆயிடும். அதை எவன்டா ஆன் பண்ணுவான்?"

பிரம்மா வந்தார். வந்தவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. கை நேராக போர்டின் சுவிட்சுக்குப் போனது.

"கைய எடுங்க சார்" என்றாள் அண்ணி.

"ஒரு நிமிஷம்மா. ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடும்."

"சரியாயிடும்கறதாலதான் சொல்றேன், கைய எடுங்க."

தலைமை மருத்துவர் குள்ளமான அம்மாள், பொறுமைக்கும் அவருக்கும் வெகுதூரம். "ரெண்டு பேரும் நிறுத்துங்க" என்றவர் என்னைப் பார்த்தார். "நீ யாரு?"

"இந்தக் கம்பெனியிலதான் வேலை பாக்கறேன் மேடம். இவங்களுக்கு நாத்தனார்."

"நாத்தனாரா? அப்ப அண்ணிக்கு எதிரா சாட்சி சொல்ல வந்திருக்கியாக்கும்."

என் மடிக்கணினியிலிருந்து ஒரு வயரை போர்டில் செருகினேன். உள்ளே எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று திரையில் ஒரு கோடு காட்டும். அது விளிம்புவரை நிறைந்து நின்றது. முடிந்துபோன அழைப்புகள் போகாமல் உட்கார்ந்திருப்பதையும், புது அழைப்புக்கு இடம் இல்லாததையும் அந்த அம்மாளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன்.

பிரம்மா சிரித்தார். "மேடம், ஒரு போர்டு பழுதாயிருக்கலாம். இவங்க அதை எப்படிப் பயன்படுத்தறாங்களோ. ப்ரோக்ராம்ல தப்புன்னா கீழ் வார்டுலயும் இருக்கணும். வாங்க, நேர்லயே பாத்துடலாம்."

எல்லாரும் படியிறங்கினோம். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கீழே என்ன இருக்கப்போகிறது என்று எனக்கே தெரியாது.

கீழ் வார்டு அமைதியோ அமைதி. தரை பளபளத்தது. போர்டுக்குப் பக்கத்தில் கேடயம். போர்டில் பச்சை விளக்கு. மேசையில் ஒரு நர்ஸ் போனில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தவர், எங்களைக் கண்டதும் அதைக் கவிழ்த்து வைத்தார். வயரைச் செருகினேன். கோடு அடியிலேயே கிடந்தது. பிறந்த குழந்தை மாதிரி போர்டு.

"பாத்தீங்களா மேடம்?" என்றார் பிரம்மா. "எங்க ப்ரோக்ராம் இதுதான். அங்க கோளாறு ஆளுகிட்ட."

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. தோற்றாலும் பரவாயில்லை என்று, "ஒரே ஒரு தடவை அமுக்கிப் பாருங்க மேடம்" என்றேன்.

அந்த அம்மாள் பக்கத்துக் கட்டிலில் பொத்தானைத் தேடினார். அதன் வயர் கட்டில் கம்பியில் பேண்டேஜ் துணியால் முடிச்சுமேல் முடிச்சாகக் கட்டப்பட்டிருந்தது. அடுத்த கட்டிலுக்குப் போனார், அங்கேயும் கட்டு. அதற்கடுத்ததில் பொத்தானைத் திரைச்சீலைக் கம்பியில் தூக்கி மாட்டியிருந்தார்கள். எழுந்து நிற்க முடிகிறவருக்குத்தான் எட்டும். எழுந்து நிற்க முடிந்தால் அவர் ஏன் நர்ஸைக் கூப்பிடப் போகிறார்?

"இதை யாரு கட்டினது?"

கட்டிலில் இருந்த அம்மா மேசைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார். "வந்த புதுசுல அமுக்கினோம்மா. வந்து திட்டினாங்க. அப்புறம் அமுக்கினா வர்றதே இல்ல. நாங்களும் விட்டுட்டோம். கை தவறிக்கூடப் பட்டுடக் கூடாதுன்னு கட்டிட்டாங்க."

தலைமை மருத்துவர் தட்டிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து முடிச்சை வெட்டி, பொத்தானை அமுக்கினார். மணி கணீரென்று அடித்தது.

மேசை நர்ஸ் துள்ளி எழுந்தார். "ஐயோ, எங்க தீப்பிடிச்சிருக்கு?"

தன் வார்டின் மணி எப்படி அடிக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. அண்ணி சிரித்துவிட்டாள். விழுந்தவரின் நினைவு வந்திருக்க வேண்டும், உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரையில் கோடு ஒரு மயிரிழை ஏறியிருந்தது. நான் அழைப்பை அணைத்தேன். கோடு இறங்கவில்லை. அந்த அம்மாள் மறுபடி அமுக்கினார், மறுபடி அணைத்தேன். அவர் விடாமல் அமுக்க, கோடு ஏறிக்கொண்டே போனது.

"இது ஏன் இறங்க மாட்டேங்குது?" என்று பிரம்மாவைக் கேட்டார்.

"ஷட்டவுன் பண்ணும்போது இறங்கிடும் மேடம். அப்படித்தான் டிசைன்."

"எப்ப ஷட்டவுன் பண்ணுவீங்க?"

"பண்ணவே மாட்டோம் மேடம். ராத்திரி பகல் நிக்காம ஓடறதுதான் இதோட சிறப்பே."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

எனக்கும் அப்போதுதான் விடை கிடைத்தது. மேலே அண்ணி கூப்பிட்ட குரலுக்கு ஓடினாள், அதனால் அவர்கள் நம்பி அமுக்கினார்கள், அமுக்க அமுக்க போர்டு நிறைந்து செத்தது. கீழே யாரும் வருவதில்லை, அதனால் யாரும் அமுக்குவதில்லை, அதனால் போர்டுக்கு ஆயுசு கெட்டி. தலைமை மருத்துவர் சுவரிலிருந்த கேடயத்தைப் பார்த்தார். அதைக் கொடுத்தவர் அவர்தான். "ஓடிஓடி வேலை பாத்தவளுக்கு விசாரணை, உக்காந்திருந்தவளுக்கு இது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஆணியிலிருந்து கழற்றி மெயின்டெனன்ஸ் தம்பி கையில் திணித்தார். அவன் அதை ஆஃப் பண்ணுவதா ஆன் பண்ணுவதா என்று தெரியாமல் விழித்தான்.

அண்ணி மீதிருந்த குற்றச்சாட்டை அன்றே நீக்கிவிட்டார்கள். நான் அந்த 'முடிந்தவை' வரிசையைத் தூக்கியெறிந்து, அழைப்பு அணைந்த இடத்திலேயே இடத்தை விடுவிக்கும்படி மாற்றினேன். வேலை என்று பார்த்தால் ஒரே ஒரு வரி. பிரம்மா அதற்கு 'மேம்படுத்தப்பட்ட வடிவமைப்பு' என்று பேர் வைத்து, தன் பேரையும் வைத்து, எல்லாருக்கும் மெயில் அனுப்பினார். கேக் வெட்டினார்கள். நானும் சாப்பிட்டேன். என் கோபம் கேக் மேல் இல்லை.

நன்றாக வேலை செய்கிறவளுக்குக் கிடைக்கிற பரிசு இன்னும் கொஞ்சம் வேலைதானே. அண்ணியைக் கீழ் வார்டுக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். முதல் வேலையாக எல்லா முடிச்சுகளையும் வெட்டி, பொத்தானை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, "எது வேணும்னாலும் அமுக்குங்க, நான் வருவேன்" என்று சொல்லியிருக்கிறாள்.

அன்று வீட்டுக்கு வந்தவளிடம் கேட்டேன். "போர்டு எப்படி அண்ணி இருக்கு?"

"ஜம்முனு இருக்கு. ஒருத்தரும் தொடலையே." பாத்திரம் கழுவுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கையில குடுக்கறேன்டி. வாங்கிப் பாத்துட்டு, தலகாணிக்கு அடியில வெச்சுக்கறாங்க. தாகத்துக்குத் தண்ணி கேக்கக்கூட அமுக்க மாட்டேங்கறாங்க."

வேலை போகப்போகிறது என்று இருந்த நாளில்கூட அழாதவள் அழுதாள். எனக்கு அவள் தோளைத் தொடக்கூடக் கூச்சமாக இருந்தது. தட்டை வாங்கி நான் கழுவினேன்.

மறுநாளும் அப்படியே போயிற்று. அதற்கடுத்த நாள், பிரம்மா மீட்டிங்கில் தன் வடிவமைப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது அண்ணி போன் செய்தாள். வேலை நேரத்தில் அவள் கூப்பிடுகிறவள் இல்லை. பதறிப்போய் வெளியே ஓடினேன். போனில் அவள் குரலுக்குப் பின்னால் மணிச் சத்தம்.

"கேக்குதா?" என்றாள்.

"என்ன அண்ணி, யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஜன்னலோரக் கட்டில்ல ஒரு பெரியவர். அமுக்கினாரு, விழுந்தடிச்சு ஓடினேன். தண்ணி வேணுமான்னேன், வேணாம்னாரு. வலிக்குதான்னேன், இல்லன்னாரு. பின்ன எதுக்கு அமுக்கினீங்கன்னு கேட்டா, 'வர்றியான்னு பாத்தேன்'ங்கறாரு."

அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. மணி மறுபடி அடித்தது.

"இந்தத் தடவை பக்கத்துக் கட்டில்" என்றாள். "அவங்களுக்கும் பாக்கணுமாம். வெச்சுடறேன், ஓடணும்."